ஷ்லாக்சான்கா: இளவரசியா, சீமாட்டியா, பெருங்குடிப் பெண்ணா?

1417 மே 2. இன்றைய போலந்தின் தென்கிழக்கில் உள்ள சனோக் நகரில் போலந்து மன்னர் யகியெவ்வோ மூன்றாவது முறையாகத் திருமணம் செய்துகொண்டார். மணமகள் எல்ஜ்பியேத்தா கிரனோவ்ஸ்கா, நாற்பதைத் தாண்டியவர், கணவரை இழந்தவர், பிள்ளைகளுக்குத் தாய். போலந்து மொழியில் அவரைப் பற்றி எதைப் படித்தாலும் ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும்: ஷ்லாக்சான்கா. இதைத் தமிழில் எழுதும்போது கை தானாக ‘இளவரசி’ என்று எழுதிவிடும். அப்படி எழுதினால் இந்தப் பெண்ணின் கதையே காணாமல் போய்விடும். ஏனென்றால் அவர் இளவரசி இல்லை என்பதுதான் அங்கே பிரச்சினை.

முதலில் வேர். ‘ஷ்லாக்தா’ என்பது போலந்தின் நிலவுடைமைப் பெருங்குடும்பங்கள் அனைத்துக்கும் சேர்த்து வழங்கிய பெயர். அதில் ஓர் ஆண் ஷ்லாக்சிட்ஸ், பெண் ஷ்லாக்சான்கா. சொல் போலந்தில் பிறந்ததல்ல. பழைய ஜெர்மனில் ‘ஸ்லஹ்தா’ என்றால் வம்சம், வழி. இன்றைய ஜெர்மனில் உள்ள ‘கெஷ்லெக்ட்’ அதற்கு நெருங்கிய உறவு. அது செக் மொழியில் ‘ஷ்லெக்தா’ ஆகி, அப்புறம் போலந்துக்கு வந்து சேர்ந்தது. போரைக் குறிக்கும் ‘ஷ்லாக்ட்’ என்ற ஜெர்மன் சொல்லோடு முடிச்சுப் போட்டு, ‘போர் மறவர் கூட்டம்’ என்று விளக்குகிறவர்களும் உண்டு. இரண்டு சொற்களுக்கும் அடிவேர் ஒன்றுதான். ஆனால் போலந்துக்கு வந்தது வம்சம் என்ற பொருள், போர் அல்ல.

வம்சத்துக்கு அடையாளம் கேடயச் சின்னம். அதை அவர்கள் ‘ஹெர்ப்’ என்பார்கள். இதுவும் ஜெர்மனிலிருந்து செக் வழியாக வந்ததுதான், மூலப் பொருள் ‘வாரிசுச் சொத்து’. எல்ஜ்பியேத்தாவின் தந்தை, பிலிட்சாவைச் சேர்ந்த ஒட்டோன், கோடரிச் சின்னக்காரர். சாந்தோமியெஷ் வட்டாரத்தின் ஆளுநராக இருந்தவர். இன்று அரண்மனைக்குப் பேர்போன வாஞ்சுத் ஊர் அவர் குடும்பத்துச் சொத்து. ஒரே மகள் என்பதால் அத்தனையும் எல்ஜ்பியேத்தாவுக்கு வந்தது. இப்படி ஒரு வாரிசுப் பெண்ணைச் சும்மா விடுவார்களா? இன்றைய செக் நாட்டின் மொராவியாப் பக்கத்து ஆட்கள் இருவர் அடுத்தடுத்து அவரைக் கடத்திக்கொண்டுபோய் மணந்ததாக ஒரு பழங்கதை உண்டு. பிறகு முறைப்படி மணந்தவர் வின்சென்ட்டி கிரனோவ்ஸ்கி. அவர் 1410-இல் இறந்தார்.

‘இளவரசி’ ஏன் பொருந்தாது? அதற்குப் போலந்தில் தனிச்சொல் இருக்கிறது: ‘க்சென்ஷ்னா’. ஆளும் கோமகனின் மனைவிக்கு அது உரியது. அதன் வேர் ‘அரசன்’ என்ற பொருள் கொண்ட பழைய ஜெர்மானியச் சொல். அரசியைக் குறிக்கும் ‘க்ருலோவா’ இன்னும் சுவையானது. ‘க்ருல்’, அதாவது அரசன், என்ற சொல்லே சார்லமேன் பேரரசரின் ‘கார்ல்’ என்ற பெயரிலிருந்து வந்தது. ஆக க்ருலோவா, க்சென்ஷ்னா இரண்டும் ஆட்சியைச் சொல்பவை. ஷ்லாக்சான்கா பிறப்பை மட்டுமே சொல்கிறது.

இந்த வேறுபாடு புரிந்தால்தான் 1417-இல் கிளம்பிய கூச்சல் புரியும். யகியெவ்வோவின் முதல் மனைவி யத்விகா, தன் சொந்த உரிமையிலேயே போலந்தை ஆண்டவர். இரண்டாம் மனைவி அன்னா, மன்னர் மூன்றாம் காசிமிரின் பேத்தி. மூன்றாவதாக வந்தவரோ மன்னரின் குடிகளில் ஒருவர். தங்களில் ஒருத்தி தங்களுக்கு மேலே உட்காருவதை மற்றப் பெருங்குடிகளால் தாங்க முடியவில்லை. போதாக்குறைக்கு உறவுமுறைச் சிக்கல் வேறு. லித்துவேனியரான யகியெவ்வோ 1386-இல் கிராக்கூவில் ஞானஸ்நானம் பெற்றபோது அவருக்கு ஞானத்தாயாக நின்றவர் எல்ஜ்பியேத்தாவின் தாய் யத்விகா (முதல் மனைவி அல்ல, பெயர்தான் ஒன்று). அந்தக் கணக்கில் மணமக்கள் அண்ணன் தங்கை ஆகிவிடுகிறார்கள். திருச்சபை விலக்கு தராமல் அந்தத் திருமணம் செல்லாது.

அரசவை எழுத்தர் ஸ்தனிஸ்வாவ் சோவெக், புது மனைவியைப் பன்றியாக உருவகித்து நக்கல் எழுதி அவையிலிருந்து விரட்டப்பட்டார். (சோவெக் என்றால் காளைக்கன்று. காளைக்கன்று பன்றியைக் கேலி செய்த கதை!) ஆனாலும் அவர் கெட்டுப்போகவில்லை, பின்னாளில் போஸ்னன் ஆயராகவே ஆனார். எல்ஜ்பியேத்தாவுக்கு 1417 நவம்பரில் கிராக்கூவின் வாவெல் பேராலயத்தில் முடிசூட்டினார்கள். 1420 மே மாதம் காசநோயில் இறந்துபோனார். அரசி வாழ்வு மூன்றே ஆண்டு.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘கோமகள்’ அரசன் மகள், இவருக்கு நேர் எதிர். ‘பிரபு’ ஆணுக்கு மட்டுமே வழங்குகிறது, பெண்பால் நாக்கில் நிற்பதில்லை. ‘குலமகள்’ பார்த்தால் அசல் நேர்ச்சொல் போலத் தெரியும். குலம் என்பதும் வம்சம்தானே? ஆனால் தமிழில் அது கற்பைப் பேசும் சொல்லாகிவிட்டது; விலைமகளுக்கு எதிர்ச்சொல். ‘சீமாட்டி’ சீமானின் பெண்பால். பணமும் பவிசும் அதில் தெரிகின்றன, பிறந்த வழி தெரியவில்லை. அதை ‘பானி’ என்ற போலந்து மரியாதைச் சொல்லுக்கு வைத்துக்கொள்ளலாம், வடமொழி வேண்டாம் என்பவர்களுக்குப் ‘பெருமாட்டி’ இருக்கிறது.

என் தேர்வு ‘பெருங்குடிப் பெண்’. கண்ணகி பாண்டியன் முன் நின்று கோவலனை அறிமுகப்படுத்தும்போது ‘இசைவிளங்கு பெருங்குடி’ என்கிறாள். அவன் அரசன் வீட்டுப் பிள்ளை இல்லை, பெயர் விளங்கும் வீட்டுப் பிள்ளை. ஷ்லாக்தா என்பதும் அதுதான். ‘உயர்குடி’ என்று பலர் எழுதுகிறார்கள், தவறில்லை. ஆனால் அதில் சாதி வாடை கொஞ்சம் அடிக்கிறது. பெருங்குடி என்றதும் சென்னைக்காரர்களுக்குக் குப்பைக்கிடங்கும், மற்றவர்களுக்கு டாஸ்மாக்கும் நினைவுக்கு வரலாம் என்பது வேறு விஷயம்.

கடைசியாகப் பெயர்களைப் பற்றி ஒன்று. கிரனோவ்ஸ்கா என்பது கணவர் ஊரான கிரனோவை வைத்து வந்த பெயர். பிலெட்ஸ்கா என்பது பிறந்த வீட்டு ஊரான பிலிட்சாவை வைத்து வந்தது. இரண்டும் இவரையே குறிக்கும். இவருடைய மகன் யான், அப்பா பெயரை விட்டுவிட்டு அம்மா வீட்டுப் பெயரை எடுத்துக்கொண்டு யான் பிலெட்ஸ்கி ஆனார். ஆணுக்கு ‘ஸ்கி’, பெண்ணுக்கு ‘ஸ்கா’. தாயை பிலெட்ஸ்கா என்றும் மகனை பிலெட்ஸ்கி என்றும் எழுதியிருந்தால் அச்சுப்பிழை என்று திருத்திவிடாதீர்கள்.