உண்டியலில் போடும் காசு கடல் தாண்டுவதில்லை

ரியாத்தில் வீட்டுவேலை செய்யும், இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடிப் பெண் ஒருவர் மாதம் 1,000 ரியால் உழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டொலருக்கு 3.75 சவூதி ரியால் என்ற கணக்கு 1986 முதல் மாறவில்லை. ஆக, அவர் கையில் இருப்பது 266 டொலர் 67 சதம். 2021 கடைசியில் வங்கியில் ஒரு டொலர் சுமார் 201 ரூபா. ஊக்கத்தொகை எதையும் சேர்க்காமல், அவர் வங்கி வழியாக அனுப்பினால் வீட்டுக்கு 53,600 ரூபா வரும். உண்டியல்காரர், அதாவது வங்கிக்கு வெளியே காசு மாற்றிக் கொடுப்பவர், டொலருக்கு 240 கொடுத்தால் 64,000. வித்தியாசம் 10,400 ரூபா, அன்றைய விலையில் ஏழெட்டுப் பை சீமெந்து. வீட்டு வேலை பாதியில் நிற்கும் குடும்பம் எதைத் தெரிவுசெய்யும் என்று கேட்கத் தேவையில்லை.

உண்டியல் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். ரியாத்தில் இருக்கும் ஏஜென்ட் ரியாலை வாங்குகிறார். பெயர், ஊர், தொகை, வீட்டுத் தொலைபேசி எண் ஆகிய நான்கையும் இங்கே இருக்கும் கூட்டாளிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். ஒரு மணித்தியாலத்துக்குள் ஓட்டமாவடியில் ரூபா கைமாறிவிடும். இதில் கவனிக்க வேண்டியது, ஒரு ரியால்கூட கடல் தாண்டவில்லை என்பதுதான். ரியால் ரியாத்திலேயே கிடக்கிறது. இங்கே கொடுக்கப்பட்டது ஏற்கெனவே இங்கே இருந்த ரூபா.

அப்படியானால் இங்குள்ள கூட்டாளியின் கை எப்படி நிரம்பும்? முப்பது பேர் ஆளுக்கு 1,000 ரியால் கொடுத்தால் 30,000 ரியால், அதாவது 8,000 டொலர். இங்கே அவர் 240 வீதம் 19 இலட்சத்து 20 ஆயிரம் ரூபா கொடுத்து முடித்திருப்பார். அதே நேரம் துபாயிலிருந்து பொருள் இறக்கும் வியாபாரி ஒருவருக்கு டொலர் வேண்டும், வங்கியில் கிடைக்கவில்லை. அவர் 245 வீதம் 19 இலட்சத்து 60 ஆயிரம் ரூபாவைக் கூட்டாளியிடம் கொடுக்கிறார். ரியாத் ஏஜென்ட் துபாய்க் கடைக்காரருக்கு 8,000 டொலரைக் கட்டிவிடுகிறார். இரண்டு பக்கமும் கணக்கு நேராகிவிட்டது, நடுவில் 40,000 ரூபா மிச்சம். சுங்கத்தில் விலையைக் குறைத்துக் காட்டும் வியாபாரிக்கு இந்த வழி இன்னும் வசதி: பற்றுச்சீட்டில் 5,000 டொலர் என்று போட்டு அதற்கு மட்டும் வரி கட்டி, மீதி 3,000 டொலரை உண்டியலால் தீர்ப்பார். உண்டியலை உயிரோடு வைத்திருப்பது அனுப்புகிற பெண் மட்டுமல்ல, மறுமுனையில் டொலர் தேடுகிற இவரும்தான்.

உண்டியல் புதிய சங்கதி அல்ல. வணிகர்கள் கைமாற்றிக்கொண்ட மாற்றுச்சீட்டுக்கு அந்தப் பெயர் பழையது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் இலங்கை, பர்மா, மலாயா எங்கும் அதைக் கொண்டுதான் பணத்தை நகர்த்தினார்கள். 1953ஆம் ஆண்டின் நாணயமாற்றுக் கட்டுப்பாட்டுச் சட்டம் போன்றவை வந்து டொலருக்கு வேலி போட்ட பிறகே அதே வேலை சட்டத்துக்கு வெளியே போனது.

கிழக்கிலங்கையிலிருந்து வளைகுடாவுக்கு ஆட்கள் போனதற்குத் தொடக்கம் 1973. சில மாதங்களுக்குள் எண்ணெய் பீப்பாய் 3 டொலரிலிருந்து 12 டொலரை நெருங்கியது, வளைகுடா நாடுகளில் வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. 1977இல் இலங்கை பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது, 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் உருவானது. 1990களின் நடுவில் போனவர்களில் நால்வரில் மூவர் அளவுக்குப் பெண்கள். காரணம் எளிது. ஆண் போவதென்றால் விசாவுக்கும் ஏஜென்சிக்கும் கடன் பட வேண்டும். பணிப்பெண்ணுக்கு அந்தச் செலவை அங்குள்ள வீட்டுக்காரர் கட்டிவிடுவார். உள்நாட்டுப் போரில் உழைப்பவரை இழந்த வீட்டுக்கு, கடன் படாமல் திறந்திருந்த வாசல் அது ஒன்றுதான். ஆனால் காசு கட்டிய கபீல், அதாவது அவரை வரவழைத்த வீட்டுக்காரர்தான், அவருடைய இகாமாவுக்கும் (வதிவிட அனுமதிக்கும்) பொறுப்பாக இருந்தார். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கமும் அங்கிருந்தே வந்தது.

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடு மகளுக்குத்தான். மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து குடியிருப்பார். ஆகவே மூன்று மகள் உள்ள தாய்க்கு மூன்று வீடு தேவை. இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்து வந்தவர் மறுபடியும் ஏன் போகிறார் என்பதற்கு விடை பெரும்பாலும் இதுதான்: முதல் பயணத்தில் அத்திவாரம், அடுத்ததில் சுவர், அதற்கடுத்ததில் கூரை.

2021 செப்டெம்பர் முதல் 2022 மார்ச் 7 வரை இலங்கை மத்திய வங்கி டொலரை 200 முதல் 203 ரூபாவுக்குள் பிடித்து வைத்திருந்தது. கறுப்புச் சந்தை விலை மேலே போனது. டிசம்பரில் வங்கி வழியாக அனுப்பினால் டொலருக்கு 10 ரூபா மேலதிகமாகத் தந்தார்கள்; இடைவெளி 40 ரூபாவாக இருக்கும்போது அது எடுபடவில்லை. வெளிநாட்டில் உழைத்தவர்கள் உத்தியோகபூர்வமாக அனுப்பிய பணம் 2020இல் 710 கோடி டொலர், 2021இல் 549 கோடி, 2022இல் 379 கோடி. வேலை செய்த கைகள் பாதியாகிவிடவில்லை. காசு வீடுகளுக்கு வந்துகொண்டேதான் இருந்தது, டொலர்தான் வரவில்லை. எண்ணெய்க் கப்பலுக்குக் கட்ட டொலர் இல்லாமல் வாழைச்சேனைப் படகுகளுக்கு மண்ணெண்ணெயும், அம்பாறை வயல்களில் உழவு இயந்திரத்துக்கு டீசலும் இல்லாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். அதற்காக அந்தப் பெண்களைக் குற்றம் சொல்வது அநியாயம். பிழையான விலையை வைத்தது அவர்கள் அல்ல. ரூபா மிதக்கவிடப்பட்டு இரண்டு விலையும் நெருங்கியதும் 2023இல் 597 கோடி டொலர் வங்கி வழியாகத் திரும்பி வந்தது.

இன்று வித்தியாசம் சிறிது. அதனால் ஆபத்தைக் கணக்கில் எடுப்பது நல்லது. உண்டியல்காரர் கையை விரித்தால் முறையிட ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. உண்டியல் காசை முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் கணக்கில் போடும்போது அது போதைப்பொருள் காசாக இருந்தால் விசாரணை உங்கள் கதவைத்தான் தட்டும். வீட்டுக்கடன் கேட்கும்போது வருமானத்தைக் காட்டவும் வழியில்லை.

வங்கியால் அனுப்புவதில் காசு கரைவது கட்டணத்தில். ஒரு தடவைக்கு 15 ரியால் என்றால், 300 ரியாலுக்கு அது 5 சதவீதம், 1,500 ரியாலுக்கு 1 சதவீதம். அதனால் சிறுகச் சிறுக அனுப்பாமல் சேர்த்து அனுப்ப வேண்டும். காசு இடையில் தங்கிப்போவது பெரும்பாலும் பெறுபவரின் பெயரால்: அடையாள அட்டையில் ஒரு எழுத்து, பாஸ்புத்தகத்தில் வேறு எழுத்து. வெளிநாடு போவதற்கு முன்பே அந்தப் பாஸ்புத்தகத்தின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, காசு அனுப்பும் படிவத்தை அதிலுள்ள ஆங்கில எழுத்தை அப்படியே பார்த்து நிரப்பினால் போதும்.