பிஸ்கட் டப்பாவில் பதினேழு ரசீதுகள்

குடும்ப வரவுசெலவு ஆலோசனைக்காக என்னிடம் வருபவர்களிடம் முதல் சந்திப்பிலேயே ஒரு கேள்வி கேட்பேன்: மளிகைக்கு மாதம் எவ்வளவு ஆகிறது? பெரும்பாலோர் வீட்டு வாடகையைச் சொல்வதுபோல் தயங்காமல் ஒரு முழுத்தொகையைச் சொல்லிவிடுவார்கள். அந்தத் தொகை அநேகமாகத் தவறாகத்தான் இருக்கும். அவர்கள் வேண்டுமென்றே மறைக்கவில்லை. மாதத் தொடக்கத்தில் போட்ட பெரிய பில் மட்டும்தான் அவர்கள் மனத்தில் மளிகை என்று பதிந்திருக்கிறது.

ஒரு தம்பதி நினைவுக்கு வருகிறார்கள். இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், வீண்செலவு செய்யாதவர்கள். ஆனாலும் ஒவ்வொரு மாதமும் இருபத்து மூன்றாம் தேதிவாக்கில் மளிகைப் பணம் தீர்ந்துவிடுகிறது என்றார்கள். யார் காரணம் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு வேறு. அடுத்த மாதம் முழுவதும் ஒரு ரசீதையும் கிழித்துப் போடாமல் பழைய பிஸ்கட் டப்பா ஒன்றில் போட்டுக் கொண்டுவரச் சொன்னேன். கொண்டுவந்தார்கள். டப்பாவில் 17 ரசீதுகள் இருந்தன. ஒன்று முழ நீளம். மற்றவை விரல் நீளம். மளிகைக்கு அவர்கள் ஒதுக்கியிருந்த தொகையை 100 என்று வைத்துக்கொண்டால், அந்த நீள ரசீது 62. சின்ன ரசீதுகள் பதினாறும் சேர்ந்து 57. பால் வாங்கத்தான் போனேன் என்றார் கணவர். பதினாறில் ஒன்பது ரசீதுகளில் பால் இருந்தது. அந்த ஒன்பதில் ஒன்றில்கூடப் பால் தனியாக இல்லை.

அன்றிலிருந்து யாரிடமும் எவ்வளவு செலவழித்தீர்கள் என்று தொடங்குவதில்லை. எத்தனை முறை கடைக்குப் போனீர்கள் என்றுதான் கேட்கிறேன். தொகையை மனம் மறந்துவிடும். போன நடையைக் கால் அவ்வளவு எளிதில் மறப்பதில்லை.

கடைகளின் அமைப்பே இதற்குத் துணைபோகிறது. முன்பெல்லாம் வாடிக்கையாளர் மேசைக்கு இந்தப் பக்கம் நிற்பார். கேட்டதைக் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார். 1916-இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர், வாடிக்கையாளரே உள்ளே நடந்து அலமாரிகளிலிருந்து எடுத்துக்கொள்ளும் கடையைத் திறந்தார். அந்தக் கடையில் உள்ளே நுழைந்தவர் எல்லா அலமாரிகளையும் கடந்துதான் வெளியே வர முடியும். 1937-இல் சில்வன் கோல்ட்மன் தம் கடைகளில் சக்கரம் வைத்த தள்ளுவண்டியை அறிமுகப்படுத்தினார். கைக்கூடை கனத்தால் கை வலிக்கும், வாங்குவது தானாக நின்றுவிடும். வண்டிக்கு வலி ஏது? இதில் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. அவர்கள் தொழிலை அவர்கள் நன்றாகச் செய்கிறார்கள். ஆனால் ஒரு பால் பாக்கெட்டுக்காக அந்த நடையை மாதத்துக்குப் பதினாறு முறை நாம் நடக்க வேண்டுமா என்பதை யோசிக்கலாம்.

அந்தத் தம்பதிக்கு நான் சொன்னது எளிய ஏற்பாடு. மாதத்துக்கு ஒரு பெரிய கொள்முதல், வாரத்துக்கு ஒரு சின்னக் கொள்முதல், அதுவும் நாள் குறித்து. நடுவில் ஏதாவது தீர்ந்தால் சமையலறைக் கதவில் ஒட்டிய தாளில் எழுதிவிட்டு, அந்த நாள் வரும்வரை அது இல்லாமல் சமாளிப்பது. இந்தச் ‘சமாளிப்பது’தான் முதல் இரண்டு வாரம் பாடாய்ப் படுத்தும். குழந்தைக்கான பால், மருந்து போன்றவற்றை இதிலிருந்து விலக்கிவிடுங்கள். மற்றபடி சர்க்கரை இரண்டு நாள் இல்லையென்றால் உலகம் நின்றுவிடாது. காகிதத்தில் எழுதிய பொருட்களில் சில, கடைக்குப் போகும் நாள் வருவதற்குள் தேவையற்றவையாகிவிடுவதை நீங்களே பார்ப்பீர்கள்.

இன்னொன்று, கடைக்குப் போகிறவரும் சமைக்கிறவரும் வேறு வேறு ஆட்களாக இருக்கும் வீடுகளில் ஒரே பொருள் இரட்டிப்பாக வாங்கப்படுகிறது. அலமாரியின் பின்வரிசையில் என்ன இருக்கிறது என்று கடையில் நிற்பவருக்குத் தெரியாது. போகும் முன் அலமாரியையும் குளிர்சாதனப் பெட்டியையும் திறந்து கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போகச் சொல்கிறேன். சிரிப்பார்கள். பிறகு செய்வார்கள்.

இனி ஒரு கணக்குப் பிழை. மளிகைப் பணத்தை வாராந்திரமாகப் பிரிப்பவர்கள் எல்லோரும் நான்கால் வகுக்கிறார்கள். மாதத்துக்கு நான்கு வாரம் என்பது பிப்ரவரிக்கு மட்டும் பொருந்தும், அதுவும் நான்கு ஆண்டுகளில் மூன்றில்தான். 31 நாள் மாதத்தில் நான்கு வாரம் போக மூன்று நாள் மிஞ்சும்; அது மாதத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அந்த மூன்று நாளும் நாம் சாப்பிடத்தான் போகிறோம், ஆனால் கணக்கில் அதற்கு இடமில்லை. எனவே தொகையை நாட்களின் எண்ணிக்கையால் வகுத்து, வாரத்துக்கு ஏழு நாள் பங்கை மட்டும் எடுங்கள். மிஞ்சும் இரண்டு மூன்று நாள் பங்கை மாத முதல் தேதியிலேயே ஒரு உறையில் போட்டு ஒட்டிவிடுங்கள். மாதக் கடைசித் தட்டுப்பாடு என்று புலம்புகிறவர்களில் சிலருடைய சிக்கல் இவ்வளவுதான். ஊதாரித்தனம் என்று தங்களைத் தாங்களே திட்டிக்கொண்டிருப்பார்கள். உண்மையில் வகுத்தல் தவறு.

ஒதுக்கிய தொகை எப்போது முடிவானது என்பதும் முக்கியம். மூன்றாண்டுகளுக்கு முன் போட்ட எண்ணையே இன்னும் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. விலை ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால் மூன்றாண்டில் 19 விழுக்காடு ஏறியிருக்கும். அதே பொருட்களை அதே அளவில் வாங்கினாலும் பட்ஜெட் உடையும். அந்த எண்ணுக்குள் அடங்க முடியவில்லை என்பதற்காக வீட்டில் சண்டை போடுவதில் பொருளில்லை. ஆண்டுக்கு ஒருமுறை எண்ணைத் திருத்துங்கள்.

விலை ஏறாமலேயே விலை ஏறும் வழியும் ஒன்றிருக்கிறது. பொட்டலத்தின் விலை அப்படியே இருக்கும், உள்ளே எடை குறைந்திருக்கும். ஒரு கிலோ 800 கிராம் ஆனால் 20 விழுக்காடுதானே குறைவு என்று தோன்றும். அதே ஒரு கிலோவை இனி வாங்க 25 விழுக்காடு அதிகம் கொடுக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. பொட்டலத்தின் முகப்பில் இருக்கும் பெரிய எழுத்தை விட்டுவிட்டு மூலையில் இருக்கும் நிகர எடையைப் படியுங்கள். நூறு கிராமுக்கு எவ்வளவு என்று ஒப்பிட்டால் பெரிய பொட்டலம்தான் எப்போதும் மலிவு என்ற நம்பிக்கையும் சில இடங்களில் உடையும்.

சலுகைகளைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது. இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்றால் மூன்றையும் கெடுமுன் பயன்படுத்தும் வீட்டுக்கு அது மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. ஒன்று குப்பைக்குப் போகும் வீட்டுக்குத் தள்ளுபடியே இல்லை. ஒன்று போதும் என்றிருந்த வீட்டுக்கோ இரட்டைச் செலவு. இதை மற்றவர்களுக்கு விளக்கும் நானே ஒருமுறை மலிவாகக் கிடைக்கிறதென்று பாதாம் பருப்பைப் பெரிய பையில் வாங்கிவந்து, பாதிக்குமேல் காறிப்போய்க் கொட்டினேன். வீட்டில் அதை இன்றும் சொல்லிக்காட்டுகிறார்கள். சோப்பு, சலவைத் தூள் போன்று கெடாத பொருளுக்குச் சலுகை வந்தால் இரண்டு மாதத்துக்கு வாங்கலாம். உண்ணும் பொருளுக்கு, நம் வீட்டில் அது எத்தனை நாளில் தீரும் என்று தெரிந்தால் மட்டுமே.

குப்பைக்குப் போவது சின்னத் தொகை என்று நினைக்க வேண்டாம். ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை, 2022-ஆம் ஆண்டில் உலகில் கடைகள், உணவகங்கள், வீடுகள் ஆகியவற்றில் வீணான உணவை 105 கோடி டன் என்று மதிப்பிட்டது. அதில் ஏறத்தாழ 60 விழுக்காடு வீடுகளிலிருந்து வந்தது; தலைக்கு ஆண்டுக்கு 79 கிலோ. உண்ண முடியாத தோல், எலும்பு போன்றவையும் அந்தக் கணக்கில் அடக்கம் என்றாலும், பணம் கொடுத்து வாங்கியதில் ஒரு பகுதி நேராகக் குப்பைத் தொட்டிக்குப் போகிறது என்பது மாறாது.

வீணாவதைக் குறைக்க, மாதம் முழுவதற்கும் சமையல் அட்டவணை போடச் சொல்லும் அறிவுரையைப் பல இடங்களில் பார்த்திருப்பீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முதல் வாரம் வண்ணப் பேனாவில் எழுதி ஒட்டுவார்கள். இரண்டாம் வாரம் யாருக்காவது காய்ச்சல் வரும், அல்லது வேலையிலிருந்து தாமதமாக வருவார்கள்; அட்டவணை அத்தோடு சரி. அதற்குப் பதில் வாரத்தில் ஒரே ஒரு நாளைத் திட்டமிட்டால் போதும்: கடைக்குப் போவதற்கு முந்தைய நாள். அன்று வீட்டில் இருப்பதை மட்டும் வைத்துத்தான் சமையல். வாடத் தொடங்கிய காய், அரை டப்பா தயிர், முந்தாநாள் மிச்சம் எல்லாம் அன்று வெளியே வரும். ருசி சில நாள் முன்னேபின்னே இருக்கும். பெட்டி காலியாகும், மறுநாள் பட்டியலும் சரியாக வரும்.

பொட்டலத்தின் தேதியைப் பற்றி ஒரு சொல். ‘இந்தத் தேதிக்குமுன் உண்பது சிறந்தது’ என்பது தரத்தைக் குறிப்பது. சரியாகச் சேமித்த உலர்ந்த பொருள் மறுநாளே நஞ்சாகிவிடாது. ‘இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்’ என்பது பாதுகாப்பைக் குறிப்பது. அதைத் தாண்டினால் சிக்கனம் பார்க்காமல் தூக்கிப் போடுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கருதி நல்ல பொருளை எறிபவர்களும் உண்டு, கெட்ட பொருளை உண்பவர்களும் உண்டு.

அட்டையில் செலுத்துவதா, ரொக்கமா? 2001-இல் பிரெலெக், சிமெஸ்டர் என்ற இரு ஆய்வாளர்கள் விளையாட்டுப் போட்டி டிக்கெட்டுகளை ஏலம் விட்டுப் பார்த்தபோது, கடன் அட்டையில் செலுத்தலாம் என்று சொல்லப்பட்டவர்கள் ரொக்கக்காரர்களைவிட இருமடங்கு வரை கேட்டார்கள். மளிகை டிக்கெட் அல்ல, ஆகவே அந்த எண்ணை அப்படியே இங்கே பொருத்த மாட்டேன். வாராந்திரச் சின்னக் கொள்முதலுக்கு மட்டும் ரொக்கம் வைத்துக்கொள்ளச் சொல்வேன். முடியாதவர்கள் தனிக் கணக்கில் அந்த வாரப் பங்கை மட்டும் போட்டுக்கொள்ளலாம்.

பிஸ்கட் டப்பாத் தம்பதி மூன்று மாதம் கழித்து வந்தார்கள். ரசீதுகள் பதினேழிலிருந்து ஏழாகியிருந்தன, ஒதுக்கிய 100-க்கு மொத்தச் செலவு 98. நடுவில் ஒரு மாதம் விருந்தினர் வந்து 110-ஐத் தொட்டதாம். அதைத் தோல்வி என்று சொன்னார்கள். விருந்தினர் செலவை மளிகையில் சேர்க்காதீர்கள், தனித் தலைப்பு வையுங்கள் என்றேன்.

எல்லாக் குடும்பத்துக்கும் இப்படி முடிவதில்லை. 1857-இல் ஜெர்மானியப் புள்ளியியல் அறிஞர் எர்னஸ்ட் எங்கெல், பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் வரவுசெலவுக் கணக்குகளைப் பார்த்து, வருமானம் குறையக் குறைய அதில் உணவுக்குப் போகும் பங்கு கூடுகிறது என்று காட்டினார். என் மேசையிலும் அதைப் பார்க்கிறேன். சிலர் கொண்டுவரும் ரசீதுகளில் அடிக்க ஒரு வரிகூட இருக்காது. கடைக்கு நான்கே முறை போயிருப்பார்கள், ஒன்றும் வீணாகியிருக்காது, அப்படியும் வருமானத்தில் பாதிக்குமேல் சாப்பாட்டுக்கே போயிருக்கும். அவர்களிடம் சிக்கனம் பேச எனக்கு வாய் வராது. மளிகைத் தாளை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, கடன் தவணைகளையும் அரசு உதவிகளையும் கூடுதல் வருமான வழிகளையும் பற்றிப் பேசத் தொடங்குகிறேன். அந்தச் சந்திப்புகள் பெரும்பாலும் குறித்த நேரத்தைத் தாண்டிப் போகின்றன.