காப்பாளர் என்றே எழுதுங்கள்

'லீகல் கார்டியன்' என்ற ஆங்கிலத் தொடருக்குத் தமிழாக 'சட்டப் பாதுகாவலர்' என்ற தொடர் கடலூர், புதுச்சேரிப் பக்கம் துண்டறிக்கைகளிலும் முகாம் பதாகைகளிலும் மறுபடி மறுபடி கண்ணில் படுகிறது. தமிழ் தெரிந்த யாரிடமாவது முன்விளக்கம் இல்லாமல் இதை நீட்டிப் பாருங்கள். சட்டத்தைப் பாதுகாப்பவர் என்றுதான் புரிந்துகொள்வார். சுற்றுச்சூழல் பாதுகாவலர் சுற்றுச்சூழலைக் காக்கிறார், மனித உரிமைப் பாதுகாவலர் மனித உரிமையைக் காக்கிறார். அந்தக் கணக்கில் சட்டப் பாதுகாவலர் நீதிபதியாகவோ போலீஸ்காரராகவோதான் இருக்க முடியும். சொல்ல வந்ததோ வேறு. பதினெட்டு வயதைத் தாண்டியும் பணம், மருத்துவம், இருப்பிடம் பற்றித் தனியாக முடிவெடுக்க முடியாத ஒருவருக்காகச் சட்டப்படி அதிகாரம் பெற்ற தாய், தகப்பன், அக்கா, அண்ணன் ஆகியோரைத்தான் அது குறிக்க வேண்டும்.

கார்டியன் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். அடியில் இருப்பது பார்த்துக் காத்தல் என்ற பொருளுள்ள ஜெர்மானிய வேர். கார்டு, வார்டு, வார்டன் எல்லாம் அந்த வேரிலிருந்து வந்தவையே. தமிழில் அதற்கு நேராக நிற்பது 'கா' என்ற வேர். காவல், காப்பு, காவலன் எல்லாம் அதன் பிள்ளைகள். சொற்பிறப்பு இவ்வளவு போதும், சிக்கல் அதில் இல்லை.

சிக்கல், பாதுகாவலர் என்ற சொல்லுக்கு ஏற்கெனவே இருக்கிற வேலைகளில் இருக்கிறது. புதுச்சேரியில் தேவாலயத் திருவிழா அழைப்பிதழைப் பிரித்தால் பங்கின் பாதுகாவலராகப் புனிதர் ஒருவர் இருப்பார். தொழிற்பேட்டைச் சுவர்களில் 'பாதுகாவலர் தேவை' என்றால் இரவுக் காவலுக்கு ஆள் எடுக்கிறார்கள். நெல்லிக்குப்பம் பக்கத்து அம்மா ஒருவர், பத்தொன்பது வயது மகனுக்கு வங்கிக் கணக்கு தொடங்கப் போனபோது பாதுகாவலர் சான்று கேட்டிருக்கிறார்கள். "எம் புள்ளைக்கு வாட்ச்மேன் எதுக்குங்க? பெத்தவ நான் இருக்கேன்ல?" என்றார் என்னிடம். அந்தக் கேள்வியின் இரண்டு பாதிக்கும் விடை சொல்ல வேண்டியது அந்தச் சொல்தான். பெற்றவர் என்ற முறையில் சட்டம் தரும் அதிகாரம் பிள்ளைக்குப் பதினெட்டு வயதானதும் முடிந்துபோகிறது. அதன் பிறகு, அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி மாவட்ட அளவிலான குழு ஒன்றுதான் அந்த அதிகாரத்தைத் தருகிறது. பெற்ற தாயும் அங்கே விண்ணப்பித்துத்தான் வாங்க வேண்டும். 'பாதுகாவலர்' இதில் எதையுமே உணர்த்தவில்லை.

காப்பாளர் உணர்த்துகிறது. 'ஆள்' என்ற பகுதி அதில் இருக்கிறது, பொறுப்பும் அதிகாரமும் ஒன்றாக ஒலிக்கின்றன. இதைச் சொன்னால் உடனே எதிர்வாதம் வரும்: "காப்பாளர்னா ஹாஸ்டல் வார்டன்." ஆமாம், அரசு விடுதிகளில் அப்படித்தான் எழுதுகிறார்கள். அதனால் என்ன குறை? பெற்றோர் இல்லாத இடத்தில் பிள்ளைகளுக்குப் பொறுப்பேற்கிறவர்தானே விடுதிக் காப்பாளர்? பொருள் ஒட்டித்தான் போகிறது. ஆங்கிலத்திலும் வார்டனும் கார்டியனும் ஒரே சொல்லின் இரண்டு வடிவங்கள், அங்கே யாரும் குழம்புவதில்லை. இரண்டாவது வாதம், பாதுகாவலர்தான் மக்களுக்குப் பழகியது என்பது. மக்களுக்குப் பழகியது 'கார்டியன்'. பழைய பத்திரங்களில் 'மைனரின் தாயாரும் கார்டியனுமான' என்று எழுதியதை வாசித்த தலைமுறைக்கு அதில் ஐயமே இல்லை. பழக்கம்தான் அளவுகோல் என்றால் கார்டியன் என்றே எழுதிவிடுங்கள், நான் சண்டைக்கு வரமாட்டேன். தமிழில் எழுதுவதானால் சரியாக எழுதுங்கள்.

இன்னொன்று, சொல் குடும்பம் நடத்த வேண்டும். மேலாளருக்கு மேலாண்மை இருப்பதுபோல் காப்பாளருக்குக் காப்பாண்மை கிடைக்கிறது. காக்கப்படுகிறவரைக் 'காப்பில் உள்ளவர்' எனலாம். பாதுகாவலரிடமிருந்து என்ன பிறக்கும்? 'பாதுகாவலர்த்துவம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாரா தெரியவில்லை.

இதைவிட மோசம், 'லிமிடெட் கார்டியன்' என்பதற்கு எழுதும் 'வரையறுக்கப்பட்ட பாதுகாவலர்'. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு காப்பாண்மையின் தன்மையையே மாற்றியது. காப்பாளர் தன் விருப்பத்துக்கு முடிவெடுக்கக் கூடாது. காப்பில் உள்ளவரோடு கலந்து, அவர் விருப்பப்படி, குறிப்பிட்ட முடிவுக்கும் குறிப்பிட்ட காலத்துக்கும் மட்டும் கூட்டாக முடிவெடுக்க வேண்டும். அந்த உரிமையைச் சொல்ல வேண்டிய இடத்தில் 'வரையறுக்கப்பட்ட' என்றால் கம்பெனிப் பெயர்ப்பலகைதான் நினைவுக்கு வருகிறது. வரம்புக்குட்பட்ட காப்பாளர் என்றால் வரம்பு அதிகாரத்துக்கு என்பது கேட்டவுடன் விளங்கும்.

ஒருவருக்காக முடிவெடுப்பதற்கும் அவரோடு சேர்ந்து முடிவெடுப்பதற்கும் உள்ள இந்த வேறுபாடு புதுச்சேரிக்காரர்களுக்குப் புதிதல்ல. பிரெஞ்சு ஆட்சிக்கால 1881 அரசாணைப்படி சொந்தச் சமயச் சட்டத்தைத் துறந்த 'ரெனோன்சான்' குடும்பங்களுக்குப் பிரெஞ்சுக் குடிமைச் சட்டம் இன்றும் பொருந்துகிறது. 1956-ஆம் ஆண்டு இந்து காப்பாண்மைச் சட்டத்தைப் புதுச்சேரிக்கு நீட்டித்தபோதும் அவர்களுக்கு விலக்கு அளித்தார்கள். பிரெஞ்சில் ஒருவருக்குப் பதிலாக நின்று செயல்படுகிறவர் 'த்யுதேர்', பக்கத்தில் நின்று துணைசெய்கிறவர் 'க்யுராதேர்'. இரண்டு பொறுப்பு, இரண்டு சொல். நாமோ இரண்டையும் ஒரே பாதுகாவலருக்குள் போட்டு அடைத்துவிட்டு, முன்னால் ஒரு பெயரெச்சத்தை ஒட்டுகிறோம்.

மொழிபெயர்ப்பவர்கள்மேல் எனக்கு உள்ள கோபம் இந்த ஒரு சொல்லோடு நிற்கவில்லை. ஆட்டிசத்துக்குப் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று அரசுப் படிவங்களிலேயே போடுகிறார்கள். பிள்ளைக்குச் சிந்தனையே இல்லை என்று தாயைக் கையெழுத்துப் போடச் சொல்வதா? ஒரு விளக்கக் குறிப்பில் 'இன்வென்டரி' என்ற ஆங்கிலச் சொல்லை அப்படியே மாற்றி, 'சரக்கு இருப்புப் பட்டியல்' சமர்ப்பிக்க வேண்டும் என்றிருந்தது. காப்பாளர் பொறுப்பேற்ற ஆறு மாதத்துக்குள் காப்பில் உள்ளவரின் வீடு, நிலம், நகை, வங்கி இருப்பு, கடன் எல்லாவற்றையும் எழுதிக்கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அது சொத்துப் பட்டியல். நிதியாண்டு முடிந்த மூன்று மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கும் தர வேண்டும். சரக்கு என்ற சொல்லைப் பார்த்து, இது கடை வைத்திருப்பவர்களுக்கு என்று நினைத்து அந்தத் தாளை ஓரம் வைத்த குடும்பத்தை எனக்குத் தெரியும். கணக்குக் கொடுக்காத காப்பாளரின் நியமனத்துக்கே கேள்வி வரலாம். அந்தக் குடும்பத்துக்கு அதைச் சொல்லிப் பட்டியலை எழுதவைக்க நான் உட்கார வேண்டியிருந்தது.