மெட்டல் கார்டின் எடையும் அதற்கு நாம் தரும் விலையும்

சென்ற மாதம் என்னைப் பார்க்க வந்த இளைஞர், பேச்சைத் தொடங்கும் முன்பே பர்சிலிருந்து தம் கடன் அட்டையை எடுத்து மேசைமேல் போட்டார். அது எழுப்பிய 'ணங்' என்ற ஒலி என் காதில் விழ வேண்டும் என்பது அவருடைய விருப்பம். "சார், இது சாதாரண கார்டு இல்லை, மெட்டல்" என்றார். அவர் வந்த காரணமோ, அந்த அட்டையில் சேர்ந்துவிட்ட இரண்டு லட்சம் ரூபாய்க்கும் மேற்பட்ட நிலுவையை எப்படி அடைப்பது என்று கேட்பதற்கு. இதே ஒலியோடு இதே கேள்வியைக் கேட்டு வந்தவர்களை எண்ணுவதை நான் எப்போதோ நிறுத்திவிட்டேன். இவருக்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

பதினோரு ஆண்டுகள் ஒரு வங்கியின் கார்டு பிரிவில் வேலை பார்த்துவிட்டு, இப்போது கோவையில் கடன் ஆலோசனை சொல்லிக்கொண்டிருக்கிறேன். மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அட்டை எதனால் செய்யப்பட்டது என்பதற்கும் அந்த அட்டை உங்களுக்கு என்ன தருகிறது என்பதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. சலுகைகள் அனைத்தும் வங்கியின் கணினியில் உங்கள் கணக்கோடு இணைக்கப்பட்டவை. பர்சில் இருப்பது அந்தக் கணக்கைத் திறக்கும் சாவி மட்டுமே. சாவி பித்தளையா இரும்பா என்று பூட்டு கேட்பதில்லை.

இதற்கு நல்ல சான்று அமெரிக்காவில் இருக்கிறது. சேஸ் வங்கி 2016 ஆகஸ்டில் சஃபையர் ரிசர்வ் என்ற மெட்டல் கார்டை ஆண்டுக்கு 450 டாலர் கட்டணத்தில் அறிமுகப்படுத்தியது. விண்ணப்பங்கள் குவிந்ததில் வங்கியிடம் இருந்த உலோக அட்டைகள் தீர்ந்துபோயின. புதியவர்களுக்குத் தற்காலிகமாகப் பிளாஸ்டிக் அட்டைகளை அனுப்பிவைத்தார்கள். அதே கட்டணம், செலவுக்குக் கிடைக்கும் அதே வெகுமதிப் புள்ளிகள், அதே விமான நிலைய ஓய்வறை. ஒலி மட்டும்தான் இல்லை. இதைச் சொன்னாலும், "இருந்தாலும் மெட்டல் என்றால் ஒரு மதிப்பு இருக்கிறதே" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக இன்னும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் 1999-இல் தொடங்கிய சென்டூரியன் அட்டையைப் பின்னாளில் டைட்டேனியத்தில் செய்து தந்தது. அதை அழைப்பின் பேரில் மட்டுமே பெற முடிந்தது என்பதால் உலோகம் அரியதொரு அடையாளமாக இருந்தது. இன்று ஆண்டுக் கட்டணமே இல்லாத மெட்டல் கார்டுகள்கூட நம் நாட்டில் வந்துவிட்டன. கடன் வரம்பு உங்கள் வருமானத்தையும் கடன் வரலாற்றையும் வைத்து முடிவாகிறது. உங்கள் கடன் ஒழுங்கை அளக்கும், 300 முதல் 900 வரையிலான சிபில் மதிப்பெண்ணில் அட்டையின் உலோகத்துக்கென்று ஒரு புள்ளியும் கிடையாது; தவணை தவறாமல் கட்டினீர்களா, வரம்பில் எவ்வளவு பங்கைப் பயன்படுத்துகிறீர்கள் என்பவையே அங்கே பேசும். உணவகத்தில் பில் வைக்கும் பையில் அட்டையைச் செருகும்போது பரிமாறுபவர் ஒரு கணம் புருவம் உயர்த்துவார் என்பதை மறுக்கவில்லை. அந்த ஒரு கணத்துக்கு நீங்கள் எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

பாதுகாப்பு என்ற வாதமும் அடிக்கடி வருகிறது. உலோகம் என்பதால் யாரும் நகலெடுக்க முடியாது என்று நம்புகிறார்கள். நம்மைக் காப்பது சிப்பும் ரகசிய 'பின்' எண்ணும் ஓடிபியும். இவை பிளாஸ்டிக் அட்டைக்கும் உண்டு. அட்டை எண்ணையும் ஓடிபியையும் தொலைபேசியில் நீங்களே வாசித்துக் காட்டினால் டைட்டேனியம் என்ன செய்யும்? நீண்ட நாள் உழைக்கும் என்பதும் அப்படித்தான். அட்டையின் காலாவதித் தேதி உலோகத்துக்காக நீள்வதில்லை.

இனி கணக்குக்கு வருவோம். நம் நாட்டில் உயர்நிலை மெட்டல் கார்டுகள் பலவற்றின் ஆண்டுக் கட்டணம் 12,500 ரூபாயை ஒட்டி இருக்கிறது. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 14,750 ரூபாய். இங்கே எல்லோரும் செய்யும் தவறு, அட்டை தரும் மொத்தப் பலனைக் கட்டணத்தோடு ஒப்பிடுவது. கட்டணமில்லாத ஒரு பிளாஸ்டிக் அட்டையும் ஏதோ ஒரு பலனைத் தருகிறது. ஆகவே இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் ஒப்பிட வேண்டும். அந்த வித்தியாசம் செலவில் 1 சதவீதம் என்றால், ஆண்டுக்கு 14,75,000 ரூபாய் செலவிட்ட பிறகே கட்டணம் திரும்பி வரும். 2 சதவீதம் என்றால் 7,37,500 ரூபாய், அதாவது மாதம் அறுபத்தோராயிரத்துக்கும் மேல். வாடகை, எரிபொருள், காப்பீடு, மின்கட்டணம் ஆகியவற்றுக்குப் புள்ளிகளைப் பல வங்கிகள் குறைத்துவிட்டதால், புள்ளி கிடைக்கும் செலவு மட்டுமே இந்தத் தொகையை எட்ட வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். விமான நிலைய ஓய்வறைக்குள் நுழைவதற்கும், முந்தைய காலாண்டில் இவ்வளவு செலவிட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பல வங்கிகள் இப்போது வைத்திருக்கின்றன.

"பத்து லட்சம் செலவழித்தால் கட்டணமே இல்லையே" என்பது அடுத்த பதில். அந்த இளைஞர் விழுந்த குழி அதுதான். அட்டை ஆண்டு முடிய ஒரு மாதம் இருக்கையில் அவருடைய செலவு 8,40,000 ரூபாய். 14,750 ரூபாய் கட்டணத்தைத் தவிர்க்க, தேவையில்லாத சோபாவையும் கைபேசியையும் 1,60,000 ரூபாய்க்கு வாங்கினார். பில் வந்தபோது முழுத்தொகை கையில் இல்லை. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினார். அவருடைய அட்டைக்கு வட்டி மாதம் 3.75 சதவீதம். அந்த 1,60,000 ரூபாய்க்கு முதல் மாத வட்டியே 6,000 ரூபாய், அதன்மேல் ஜிஎஸ்டி 1,080 ரூபாய். இரண்டு மாதங்களில், தப்பித்துவிட்டதாக நினைத்த கட்டணத்தை வட்டி ஏறத்தாழ எட்டிப் பிடித்துவிட்டது. முழுத்தொகையைக் கட்டாதவருக்குப் புதிய செலவுகளுக்கான வட்டியில்லாக் காலமும் கிடையாது என்பதால், அதன் பிறகு வாங்கிய பாலும் மருந்தும்கூட வட்டிக்கு வாங்கியவையாயின. இவ்வளவுக்கும் அவர் கணினித் துறையில் நல்ல சம்பளம் வாங்குபவர், கணக்குத் தெரியாதவர் அல்லர்.

யாருக்குத்தான் பயன்? ஒவ்வொரு மாதமும் பில்லை முழுமையாகக் கட்டி, தேவைக்கான செலவே மேற்சொன்ன தொகையைத் தாண்டி, அடிக்கடி வெளிநாடு செல்பவருக்குப் பயன் உண்டு. அந்நியச் செலாவணி மாற்றுக் கட்டணம் சாதாரண அட்டைகளில் பெரும்பாலும் 3.5 சதவீதம், உயர்நிலை அட்டைகள் பலவற்றில் 2 சதவீதம். வெளிநாட்டில் ஐந்து லட்சம் ரூபாய் செலவிடுபவருக்கு ஜிஎஸ்டியோடு சேர்த்து 8,850 ரூபாய் மிச்சம். அப்படிப்பட்டவர் தாராளமாக வாங்கட்டும். உள்ளூரில் மளிகைக் கடையிலும் தேநீர்க் கடையிலும் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்து வாழ்பவருக்கோ, 2022-இலிருந்து யுபிஐயில் இணைக்க முடிகிற, நம் நாட்டு வலையமைப்பான ரூபேயின் கடன் அட்டைதான் கைகொடுக்கும். விசா, மாஸ்டர்கார்டு வலையமைப்புகளில் ஓடும் மெட்டல் கார்டுகளை அங்கே இணைக்க முடியாது.

இப்போது சில வேண்டுகோள்கள், கொஞ்சம் அதட்டலாகவே. "உங்கள் பிளாஸ்டிக் கார்டை இலவசமாக மெட்டலாக மாற்றித் தருகிறோம்" என்று அழைத்து ஓடிபி கேட்பவரிடம் பேச்சை வளர்க்காதீர்கள். வாட்ஸ்அப்பில் ஒரு செயலியை அனுப்பி நிறுவச் சொன்னால் தொடவே தொடாதீர்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு ஒளித்து வைக்காமல் உடனே வங்கியிடம் சொல்லி அட்டையை முடக்குங்கள். 1930 என்ற எண்ணிலும் புகார் செய்யுங்கள். அட்டையைக் கருவிமேல் காட்டி (டேப் செய்து) 5,000 ரூபாய் வரை 'பின்' எண் இல்லாமல் செலுத்தலாம் என்பதால், அந்த வசதி தேவையில்லை என்றால் வங்கியின் செயலியில் நிறுத்தி வையுங்கள். வெளிநாட்டுப் பரிவர்த்தனை வசதியையும் தேவையில்லை என்றால் அப்படியே நிறுத்துங்கள். அட்டையை முழுவதுமாக உள்ளே இழுத்துக்கொள்ளும் ஏடிஎம்களில் கனமான அட்டையைப் போடாதீர்கள். சிக்கிக்கொண்டால் அலைச்சல் உங்களுக்குத்தான். கடன் அட்டையில் ரொக்கம் எடுத்தால் அன்றே வட்டி தொடங்கிவிடும் என்பதால் அங்கே அதற்கு வேலையும் இல்லை.

வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டால், அடுத்த ஆண்டுக் கட்டணம் விழும் மாதத்துக்கு முன்பே, சேர்ந்த புள்ளிகளைப் பயன்படுத்திவிட்டு, நிலுவையை முழுதாக அடைத்து, மூடும்படி எழுத்தில் கேளுங்கள். வங்கியில் அழைப்பை எடுப்பவர் உங்களைத் தக்கவைக்க ஏதேதோ சலுகை சொல்வார். அது அவருடைய வேலை, நானும் ஒரு காலத்தில் செய்ததுதான். ரிசர்வ் வங்கியின் 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி, நிலுவை இல்லாத அட்டையை ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும்; தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும்.

மூடிய அட்டையை வீட்டுக் கத்தரிக்கோலால் வெட்ட முயலாதீர்கள். காகிதம் அரைக்கும் கருவியில் போட்டு அதன் பற்களை உடைத்துக்கொண்ட ஒருவரை எனக்குத் தெரியும். அடுப்பில் காட்டவும் வேண்டாம். பெரும்பாலான மெட்டல் கார்டுகளுக்குள் பிளாஸ்டிக் அடுக்கும் பசையும் இருப்பதால் நச்சுப்புகை வரும். வங்கி திரும்பப் பெற்றுக்கொள்ளுமா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் தகரம் வெட்டும் கத்தரி வைத்திருப்பவரிடம் எடுத்துச் சென்று, சிப்பின் குறுக்காகவும் அட்டை எண்ணின் குறுக்காகவும் வெட்டச் சொல்லி, துண்டுகளை நீங்களே கையோடு வாங்கி வந்துவிடுங்கள்.