ரெஜிஸ்டர்களின் பிரதி: கெர்னல் ரிவ்யூவில் ஒற்றை வரி மாற்றங்கள்

இயங்குதளத்தின் மையமான கெர்னலில், ஒரு ஸ்ட்ரக்டில் (தரவுப் புலங்களை வரிசையாக அடுக்கும் சி அமைப்பு) ஒரே ஒரு வரி சேர்ந்திருக்கும் பேட்ச் (கோடு மாற்றம்) ரிவ்யூவுக்கு வந்தால், பலரும் சரி என்று ஒப்புதல் கொடுத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். பிராசஸர் ரெஜிஸ்டர்களை, அதாவது பிராசஸருக்குள்ளேயே இருக்கும் சிறு சேமிப்பிடங்களை, பிரதியெடுத்து வைக்கும் ஸ்ட்ரக்டாக இருந்தால் தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். எனக்கு ரிவ்யூவில் அதிக நேரம் பிடிப்பதே அந்த மாதிரி ஒற்றை வரிகள்தான்.

எம்ஐடி-யில் பாடம் நடத்தப் பயன்படும் எக்ஸ்வி6 கெர்னலை எடுத்துக்கொள்வோம். ரிஸ்க்-ஃபைவ் பிராசஸருக்கான அதன் வடிவத்தில் டிராப்ஃபிரேம் என்றொரு ஸ்ட்ரக்ட் உண்டு. பயனர் புரோகிராம் ஓடும்போது சிஸ்டம் காலோ (கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு) இன்டரப்டோ (சாதனத்தின் குறுக்கீடு) வந்தால், அதன் ரெஜிஸ்டர்கள் எல்லாம் இங்கேதான் சேமிக்கப்படும். 36 புலங்கள், தலா 8 பைட், மொத்தம் 288. அமைப்பைச் சொல்வது சி கோடு. மதிப்புகளைச் சேமிப்பது அசெம்ப்ளி. அசெம்ப்ளிக்குப் புலங்களின் பெயர் தெரியாது. ஸ்ட்ரக்டின் தொடக்கத்திலிருந்து 168 பைட் தள்ளி ஏ7 ரெஜிஸ்டர், 176-ல் எஸ்2 என்று வெறும் எண்களாகவே (ஆஃப்செட்) எழுதியிருக்கும்.

ஏ7-க்கும் எஸ்2-க்கும் நடுவில் ஒருவர் தன் தேவைக்காக 8 பைட் புலம் ஒன்றைச் சேர்க்கிறார், அசெம்ப்ளியைத் தொடவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பைலர் வாயே திறக்காது. சிஸ்டம் கால் எண் வரும் ஏ7 இடம் மாறவில்லை என்பதால் ஷெல் வரும், கட்டளைகள் ஓடும். எஸ்2-வைப் பழைய எண்ணில் சேமித்து அதே எண்ணிலிருந்து திரும்ப எடுப்பதால், பயனர் பக்கமும் எதுவும் கெட்டதாகத் தெரியாது. ஆனால் சி கோடைப் பொறுத்தவரை 176 இப்போது அந்தப் புதிய புலம். ஒவ்வொரு டிராப்பிலும் (இப்படிக் கெர்னலுக்குள் நுழையும்போதெல்லாம்) பயனரின் எஸ்2 அதன்மேல் எழுதப்படுகிறது. கெர்னல் தன்னுடையது என்று நம்பிப் படிக்கும் மதிப்பை, பயனர் புரோகிராம் தன் இஷ்டப்படி வைக்க முடியும். டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகும்போதே பாதுகாப்பு ஓட்டை ஒன்று உள்ளே வந்துவிட்டது.

ஸ்ட்ரக்டின் ஓரத்தில் ஆஃப்செட் எண்கள் கமென்டாக எழுதியிருக்கும். கமென்டை யாரும் சரிபார்ப்பதில்லை. ஸ்டாட்டிக் அசெர்ட் (கம்பைல் செய்யும்போதே நடக்கும் சோதனை) போட்டு, இந்தப் புலம் இந்த ஆஃப்செட்டில் இல்லாவிட்டால் பில்டே நிற்கட்டும் என்று கேளுங்கள். லினக்ஸ் இன்னும் நல்ல வழியில் போகிறது: அசெம்ப்ளிக்கு வேண்டிய பல ஆஃப்செட்களைச் சி ஸ்ட்ரக்டிலிருந்தே பில்டின்போது உருவாக்கிக்கொள்கிறது.

அப்புறம், பிரதி மெமரியில் இருக்க, அசல் பிராசஸருக்குள் இருக்கும் வகையையும் பாருங்கள். எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகை) பிராசஸர்களில் ஓடும் லினக்ஸ், பிராசஸரின் வசதிகளைக் கட்டுப்படுத்தும் சிஆர்4 ரெஜிஸ்டரின் நகலை ஒவ்வொரு சிபியுவுக்கும் தனியாக வைத்திருக்கிறது. ஒரு டிரைவர் நகலைத் தொடாமல் அசலில் மட்டும் ஒரு பிட்டை மாற்றினால், அடுத்து வரும் கோடு பழைய நகலை எடுத்துத் தன் பிட்டைச் சேர்த்து எழுதும்போது முந்தைய மாற்றம் அழிந்துபோகும். அதனால் டிஃபில் (பேட்ச் காட்டும் மாற்றப் பட்டியல்) இருக்கும் வரிகள் போதாது. அந்த ரெஜிஸ்டருக்கு எழுதும் இடங்கள் அத்தனையையும் தேடிப் பாருங்கள்.

பிராசஸரின் நடத்தையும் ஊகத்துக்கு விட முடியாதது. கெர்னலுக்குள் நுழையும் சிஸ்கால் கட்டளை வரும்போது எக்ஸ்86 பிராசஸர் திரும்பும் முகவரியை ஆர்சிஎக்ஸ் ரெஜிஸ்டரில் வைக்கும். பயனர் பக்கம் திரும்பும் கட்டளையான சிஸ்ரெட் அதை வைத்தே திரும்பிப் போகும். அந்த முகவரி செல்லாத வடிவில் இருந்தால், இன்டெல் பிராசஸரில் கெர்னல் சலுகை இன்னும் நீங்காத நிலையிலேயே ஃபால்ட் (பிழைக் குறுக்கீடு) எழும், அதுவும் பயனரின் ஸ்டாக் பாயின்ட்டர் ஏற்றப்பட்ட பிறகு; அதாவது பயனர் காட்டும் இடத்தில் கெர்னல் சலுகையோடு எழுத வழி திறக்கும். ஏஎம்டி-யில் அப்படி நடக்காது. 2012-ல் ஃப்ரீபிஎஸ்டி, நெட்பிஎஸ்டி, மெய்நிகர் கணினிகளை இயக்கும் ஸென், 64 பிட் விண்டோஸ் ஆகியவை இதே ஓட்டைக்காகத் திருத்தம் வெளியிட்டன. லினக்ஸ் 2006-லேயே இதைச் சரிசெய்திருந்தும், மற்ற இடங்களில் ஆறு ஆண்டுகள் யார் கண்ணிலும் படவில்லை என்பது எனக்கு இன்றும் கவலை தருகிறது.

ஆகவே இப்படிப்பட்ட பேட்ச்சின் விளக்கத்தில், இன்டெல், ஏஎம்டி இரண்டு மேனுவல்களிலும் எந்தப் பிரிவைப் பார்த்து எழுதினார் என்று பேட்ச் எழுதியவரைக் கேளுங்கள். பதில் இல்லாவிட்டால், கோடு எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் ஒப்புதல் கொடுப்பதில்லை.