விரிசலை நெரிக்கும் பீங்கான்

ரூட் கெனால் முடிந்த கையோடு பல் டாக்டர் கேட்பார்: "மெட்டல் மேல செராமிக் வெச்ச கேப் போடலாமா, இல்ல ஜிர்கோனியாவா?" விலையைப் பார்த்துவிட்டு ஏதோ ஒன்றுக்குத் தலையாட்டுவோம். பீங்கான் என்றால் கீழே விழுந்து சிதறும் டீ கப்தானே, அதை வைத்துக்கொண்டு முறுக்கு கடிக்கலாமா என்று கேட்கத் தோன்றுவதில்லை.

நியாயமான சந்தேகம்தான். உலோகத்தில் கீறல் விழுந்தால் அதன் முனை கொஞ்சம் நெளிந்து கொடுத்து விசையை வாங்கிக்கொள்ளும். பீங்கானுக்கு நெளியத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத கீறல்கூட ஒரேயடியாக ஓடிவிடும். டெட்ராய்ட் நகரில் சார்ல்ஸ் லேண்ட் 1900-களின் தொடக்கத்தில் செய்த முழுப் பீங்கான் கேப்புகளுக்கு இதுதான் பிரச்சினை. 1960-களில் உள்ளே உலோகம், மேலே பீங்கான் என்ற ஏற்பாடு பரவலானது. கேப் தாங்கியது. ஆனால் ஈறு சற்று இறங்கினாலே ஓரத்தில் சாம்பல் நிறக் கோடு எட்டிப் பார்த்தது.

ஜிர்கோனியாவும் ஒரு வகைப் பீங்கான்தான், ஆனால் இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்க்கிறது. (அதிலுள்ள ஜிர்கோனியம் என்ற உலோகத்தை 1789-இல் ஜெர்மன் வேதியியலாளர் கிளாப்ரோத் கண்டறிந்தது இலங்கையிலிருந்து போன ஒரு கல்லில்.) சுமார் 1,170 டிகிரி செல்சியஸுக்கு மேல் இதன் படிகங்கள் நெருக்கமான வடிவத்தில் இருக்கும், ஆறினால் வடிவம் மாறிச் சுமார் 4 சதவீதம் உப்பும். இட்ரியம் என்ற இன்னொரு உலோகத்தின் ஆக்சைடை 3 மோல் சதவீதம் (எடையில் அல்ல, மூலக்கூறு எண்ணிக்கையில் பார்க்கும் சதவீதம்) அளவுக்குச் சேர்த்தால், ஆறிய பிறகும் படிகங்கள் உப்பாமல் அடங்கியே இருக்கும், பொறிக்குள் சுருட்டி வைத்த ஸ்பிரிங் போல. விரிசல் வந்து தொட்டதும் அந்த இடத்துப் படிகங்கள் மட்டும் உப்பி, விரிசலின் வாயை நெரித்துவிடும். ஆஸ்திரேலியாவில் கார்வி என்ற ஆய்வாளரின் குழுவினர் 1975-இல் இப்படி வலுப்பெறும் ஜிர்கோனியாவை எஃகோடு ஒப்பிட்டது சும்மா இல்லை.

அப்புறம் என்ன குறை? அழகு. இந்த உறுதியான வகை வெளிச்சத்தை அதிகம் உள்ளே விடாது; பல் சுண்ணாம்பு அடித்தது போல நிற்கும். அதை மறைக்க மேலே மென்மையான பீங்கானைப் பூசினார்கள். உள்ளே ஜிர்கோனியா அசையவில்லை, மேல்பூச்சுதான் சில்லுச் சில்லாகப் பெயர்ந்தது. டாக்டரின் பதிவேட்டில் அந்தக் கேப் 'நிலைத்திருக்கிறது'. நோயாளியின் நாக்கோ நாள் முழுக்க அந்தச் சொரசொரப்பையே தடவிக்கொண்டிருக்கும். இட்ரியத்தைக் கூட்டி 5 மோல் சதவீதம் ஆக்கினால் ஒளி ஊடுருவும். ஆனால் உப்பும் படிகங்கள் குறைந்து வலு ஏறக்குறையப் பாதியாகிவிடும். அதனால்தான் கடைவாய்க்குப் பூச்சில்லாத உறுதியான வகையும், முன்பல்லுக்கு லித்தியம் டைசிலிக்கேட் போன்ற கண்ணாடிப் பீங்கானும் பொருத்தமென்று நினைக்கிறேன். நன்றாகப் பாலிஷ் செய்திருந்தால் ஜிர்கோனியா எதிர்ப்பல்லை அரைத்துவிடும் என்ற பயமும் வேண்டாம்.

கேப் போட்டவர் கண்ணாடியில் நிறத்தைப் பார்ப்பார். டாக்டர் கூர்முனைக் கருவியால் ஓரத்தைத் தடவிப் பார்ப்பார். கேப்புக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள இடைவெளி சுமார் 120 மைக்ரான், அதாவது ஏறத்தாழ ஒரு தடித்த தலைமுடி அளவு, வரை பரவாயில்லை என்பது 1970-களிலிருந்து சொல்லப்படும் கணக்கு. அதைத் தாண்டினால் கேப்பை ஒட்டும் சிமெண்ட் கரைந்து, கிருமி புகுந்து, பளபளப்பான கேப்புக்கு அடியில் பல் சொத்தையாகும். ரூட் கெனால் செய்த பல்லில் நரம்பு இல்லை; வலித்துக் காட்டிக்கொடுக்க வழியும் இல்லை.