உங்களைப் பற்றிய கோப்பைக் கேட்டு வாங்கலாம்: ஐரோப்பியத் தரவுச் சட்டம் தரும் உரிமை

ஜெர்மனியின் பசுமைக் கட்சியைச் சேர்ந்த மால்ட்டே ஷ்பிட்ஸ், தன்னைப் பற்றி என்னென்ன பதிவுகள் இருக்கின்றன என்று தன் தொலைபேசி நிறுவனத்திடம் கேட்டார். வழக்கு வரை போன பிறகே, 2009 ஆகஸ்ட் முதல் 2010 பிப்ரவரி வரையிலான ஆறு மாதப் பதிவு அவர் கைக்கு வந்தது. மொத்தம் 35,830 வரிகள். அவர் பேசிய ஒரு சொல்கூட அதில் இல்லை. எத்தனை மணிக்கு, எந்தக் கைபேசிக் கோபுரத்தின் எல்லையில், எவ்வளவு நேரம் என்பவை மட்டுமே இருந்தன. ஒரு ஜெர்மன் வார இதழின் இணையதளம் அவற்றை வரைபடத்தில் ஏற்றியபோது, அவர் ரயிலில் போன வழியும் இரவில் தங்கிய ஊரும் அப்படியே தெரிந்தன.

இப்படிப்பட்ட சுற்றுத் தகவல்களைத்தான் மெட்டாடேட்டா, அதாவது மீத்தரவு என்கிறோம். கடிதத்தைப் பிரிக்காமல் உறையை மட்டும் படிப்பதைப் போன்றது இது. உறையில் என்ன இருந்துவிடப் போகிறது என்று தோன்றும். ஒவ்வொரு இரவும் பத்து மணிக்கு ஒரே எண்ணுக்கு நாற்பது நிமிடம் பேசியவர், ஒரு நாள் மூன்றே நிமிடத்தில் முடித்துவிட்டு, அதன் பிறகு அந்த எண்ணை அழைக்கவே இல்லை. நடந்ததைச் சொல்ல ஒட்டுக்கேட்க வேண்டுமா என்ன?

தொலைத்தொடர்பு நிறுவனங்கள் எல்லோருடைய மீத்தரவையும் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுகள் வரை சேமிக்க வேண்டும் என்ற 2006ஆம் ஆண்டு ஐரோப்பிய ஆணையை, லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014 ஏப்ரல் 8 அன்று ரத்து செய்தது. உள்ளடக்கத்தைத் தொடாவிட்டாலும், இத்தகவல்களைச் சேர்த்துப் பார்த்தால் ஒருவரின் வாழ்க்கை வெளிப்பட்டுவிடும் என்பதே அதன் அடிப்படை.

நிறுவனங்களிடம் நமக்கு உள்ள உரிமைகளைச் சொல்வது வேறொரு சட்டம்: 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை, சுருக்கமாக ஜிடிபிஆர். ஒன்றியத்தின் 27 நாடுகளோடு நார்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைன் ஆகியவற்றிலும் இது செல்லும். குடியுரிமை தேவையில்லை. படிக்கவோ வேலைக்கோ அங்கே போயிருப்பவருக்கும் இது பொருந்தும். பெயர், முகவரியோடு இருப்பிடத் தகவலும் இணைய அடையாள எண்களும்கூட இச்சட்டப்படி தனிநபர் தரவுதான்.

இதில் பலரும் பயன்படுத்தாமல் விட்டுவிடுவது 15ஆவது பிரிவு. உங்களைப் பற்றி வைத்திருக்கும் தரவின் நகலை எந்த நிறுவனத்திடமும் கேட்கலாம். கட்டணம் கிடையாது. படிவமும் வேண்டாம், ஒரு மின்னஞ்சல் போதும். ஒரு மாதத்துக்குள் பதில் வர வேண்டும். சிக்கலான கோரிக்கை என்றால் மேலும் இரண்டு மாதம் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அதையும் முதல் மாதத்திலேயே காரணத்தோடு தெரிவிக்க வேண்டும். நீங்கள் யார் என்பதில் நியாயமான சந்தேகம் எழுந்தால் கூடுதல் விவரம் கேட்பார்கள்.

எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 'என் தரவைத் தாருங்கள்' என்று மட்டும் எழுதினால், நீங்கள் பதிவேற்றிய படங்களையே திருப்பி அனுப்பிவிட்டு முடித்துக்கொள்வார்கள். அதனால் இப்படி எழுதுங்கள்: 'ஜிடிபிஆர் 15ஆவது பிரிவின்படி, என்னைப் பற்றிய எல்லாத் தரவின் நகலும் வேண்டும். இருப்பிடப் பதிவுகள், உள்நுழைந்த நேரங்கள், சாதன அடையாளங்கள், என்னைப் பற்றி நீங்கள் ஊகித்து வைத்திருக்கும் வகைப்பாடுகள் அனைத்தும் இதில் அடங்கும். எங்கிருந்து பெற்றீர்கள், யாருக்குக் கொடுத்தீர்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள் என்பதையும் தெரிவிக்கவும்.' 'எங்கள் கூட்டாளிகளுக்குக் கொடுத்தோம்' என்று மழுப்பினால் விடாதீர்கள். கேட்பவருக்கு, பெற்றவர்களின் அடையாளத்தையே சொல்ல வேண்டும் என்று ஆஸ்திரிய அஞ்சல் நிறுவனம் தொடர்பான வழக்கில் 2023 ஜனவரியில் அதே ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெறுநரை அடையாளம் காணவே முடியாத நிலை போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு.

கோப்பைப் பார்த்த பிறகு என்ன செய்வது? தவறு இருந்தால் திருத்தக் கேட்கலாம். நீக்கக் கோருவதற்கு 17ஆவது பிரிவு உண்டு, ஆனால் விதிவிலக்குகள் அதிகம். என் பார்வையில் அதைவிடக் கூர்மையானது 21ஆவது பிரிவு. நேரடி விளம்பரத்துக்காக உங்களைப் பற்றிய சித்திரம் தீட்டுவதை எதிர்த்து ஒரு வரி எழுதினால், நிறுத்தியே ஆக வேண்டும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. மறுத்தால் அந்த நாட்டின் தரவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் இலவசமாகப் புகார் செய்யலாம். கடுமையான மீறல்களுக்கு அபராதம் 2 கோடி யூரோ வரை, அல்லது உலகளாவிய ஆண்டு விற்பனையில் 4 சதவீதம் வரை, எது அதிகமோ அது. கோரிக்கையை அனுப்பிய தேதியோடு மின்னஞ்சலைப் பத்திரமாக வைத்திருங்கள், புகாருக்கு அது உதவும்.

ஒரு பெரிய ஓட்டையையும் சொல்லியாக வேண்டும். காவல்துறையின் குற்ற விசாரணைக்கு வேறு விதிகள் இருக்கின்றன. தேசப் பாதுகாப்புப் பணிகள் இச்சட்டத்தின் எல்லைக்கே வெளியே நிற்கின்றன. உளவு அமைப்பிடம் 15ஆவது பிரிவைக் காட்டிக் கோப்பைக் கேட்க முடியாது.